ஓவியப் போட்டியோடு நின்றுவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நம் கன்னியாகுமரி மாவட்டக் கத்தோலிக்கப் பள்ளிகளில், இயற்கையைக் காக்கக் கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கும் 'படைப்பின் காலம்' நடக்கும் விதம் பற்றி எழுதுகிறேன். செப்டம்பர் 1 முதல் அசிசி புனித பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை நீளும் இந்தக் காலம், பல பள்ளிகளில் காலையில் ஒரு செபம், ஒரு மரக்கன்று, ஓர் ஓவியப் போட்டி என்று முடிந்துவிடுகிறது. காலாண்டுத் தேர்வும் அதே மாதத்தில் வருவதால் ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஆனால் சுற்றுச்சூழல் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடல் இன்னும் அதிகம் கேட்கிறது. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேளுங்கள் என்கிறது. தொழிலாளர் கூலி, உரிமை பற்றி 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ எழுதினாரே, அந்தச் சமூகப் போதனையின் வழியில் வந்த மடல்தான் இதுவும். அப்படியானால் தண்ணீர் ஏன் கெட்டது என்பதோடு, அதனால் முதலில் அவதிப்படுவது யார் என்றும் பிள்ளைகள் கேட்டாக வேண்டும்.

இதற்கு வெளியூர் உதாரணம் எதற்கு? நம் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயே இருக்கிறது. திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காகக் கடலோரமாக வெட்டியது. இன்று பல இடங்களில் ஆக்கிரமிப்பாலும் குப்பையாலும் தூர்ந்து கிடக்கிறது. கொசுத் தொல்லையும், மழைக்கு வடியாத தண்ணீரும் கரையோரம் குடியிருக்கும் மீனவக் குடும்பங்களுக்குத்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம். சாக்கடை எங்கே கலக்கிறது, குப்பை எங்கிருந்து வருகிறது, முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். உள்நாட்டுப் பள்ளிகளுக்கு ஊருக்கு ஊர் குளம் இருக்கிறது, மலையோரப் பள்ளிகளுக்குக் கல்குவாரி. முடிந்தால் இடம் மாறிப் போகட்டும். வயலோரத்துப் பிள்ளை கடலரிப்பில் வீடிழந்தவர்களோடு உட்கார்ந்து பேசட்டும். அந்த ஒரு நாள் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

நம் பள்ளிகளில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பூமியில் வாழும் ஒவ்வொருவரிடமும் பேச விரும்புவதாகத் திருத்தந்தை பிரான்சிஸே மடலின் தொடக்கத்தில் சொல்லிவிட்டார். ஆகவே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான மறைக்கல்வியோடு நிறுத்தாமல், எல்லாரும் இருக்கும் நன்னெறி வகுப்பிலேயே இதை வைக்கலாம்.

அப்புறம் பள்ளி ஆண்டுவிழா. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தம்ளருக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பள்ளி வளாகத்திலும், பக்கத்துத் தேவாலயத் திருவிழாவிலும் அதை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

செப்டம்பரில் முடியாது என்றால் தேர்வு விடுமுறை கழிந்து அக்டோபரில் வைத்துக்கொள்ளலாம். குளத்தில் தண்ணீர் ஏறும் மாதம், பார்க்கவும் வசதி. பிள்ளைகள் எழுதியதை ஊராட்சிக்கும், தேவாலய நிர்வாகத்தில் உதவும் பங்குப் பேரவைக்கும் கொடுத்து, பதில் கேட்க வேண்டும். கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டப் பள்ளி நிர்வாகங்கள் இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்