சால்மன் சீரமும் கார்போக அரிசியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோலைப் புதுப்பிக்கும் சீரம்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிடிஆர்என் (சால்மன் மீனின் டிஎன்ஏ துணுக்குகள்), எக்ஸோசோம் (செல்கள் வெளியிடும் நுண்ணிய பைகள்), பெப்டைட் (குட்டிப் புரதத் துண்டு), ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), பகுச்சியால் என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். வாங்கப்போகிறவருக்கு அது போதாது.

எனக்கு 47 வயது. போன மாதம் ஒரு கிளினிக்கில் சால்மன் டிஎன்ஏ என்று சொல்லி 15 மில்லி புட்டியை 2,200 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பொடி எழுத்தில், அளவு அதிகமானது முதலில் வரும் சேர்மானப் பட்டியலைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், சோடியம் டிஎன்ஏ (பிடிஆர்என்னுக்குப் பட்டியலில் போடும் பெயர்) என்பது பீனாக்சி எத்தனாலுக்கும் கீழே இருக்கிறது. பீனாக்சி எத்தனால் சீரம் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாது. அதற்கும் கீழே என்றால் எவ்வளவு இருக்கும்?

இருந்தாலும் உள்ளே போகுமா? 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேற்பட்ட மூலக்கூறு தோலின் மேலடுக்கை எளிதில் தாண்டாது என்பது தோல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பிடிஆர்என் 50,000-க்கும் மேல். ஊசியாகப் போட்டுப் பார்த்த பலனைப் பூசுகிற சீரத்துக்கும் சேர்த்துச் சொல்வது நியாயமே இல்லை. எக்ஸோசோம் அதைவிடப் பெரிது, எந்த எக்ஸோசோம் பொருளுக்கும் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-இலேயே மக்களுக்கு அறிவித்தது. காப்பர் பெப்டைட் சுமார் 400தான், நுழைய வாய்ப்பு உண்டு, ஆனால் ஆய்வுகள் சின்னவை.

ரெட்டினாலின் உறவான ட்ரெட்டினாயின் 300 டால்டன்தான். வெயிலில் முதிர்ந்த தோலுக்குப் பல்லாண்டு ஆய்வு இருக்கிறது, டியூப் சில நூறு ரூபாய்தான். டாக்டர் சீட்டு வேண்டும், முதல் சில வாரம் எரிந்து உரியும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

அப்புறம் பகுச்சியால். நம் நலங்கு மாவில் போடும் கார்போக அரிசியிலிருந்து எடுப்பதுதான் அது! 44 பேரிடம் 12 வாரம் ரெட்டினாலோடு ஒப்பிட்டதில் சுருக்கம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது, பகுச்சியாலில் உரிதல் குறைவு. அதற்காக விதையை அரைத்துப் பூசிவிடாதீர்கள், அதிலுள்ள சோராலென் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும்.

நான் காலையில் சன்ஸ்கிரீன், இரவில் டாக்டர் எழுதிக்கொடுத்த ட்ரெட்டினாயின் பட்டாணி அளவு என்று நிறுத்திக்கொண்டேன். அடுத்த முறை எழுதும்போது விலையையும், ஆய்வு ஊசிக்கா பூச்சுக்கா என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

வாசகி, தஞ்சாவூர்