போஸ்டர் அளிப்போருக்குப் பயண உதவி மறுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் மாநாடுகளுக்குச் செல்லும் ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் பயண உதவி குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான கடிதங்களைப் படித்தேன். மேடையேறிப் பேசாமல், தம் ஆய்வைப் படங்களும் குறிப்புகளுமாக அச்சிட்ட ஒரு போஸ்டரை மாட்டிவைத்துவிட்டுத் திரும்பி வருபவருக்குப் பொதுப்பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்று அவற்றில் கேட்கப்பட்டிருந்தது. புவி இயற்பியல் துறையில் பணியாற்றுபவன், அத்துறையின் பெரிய மாநாடுகளில் மேடை உரை, போஸ்டர் ஆகிய இரு வகையிலும் ஆய்வு அளித்தவன் என்ற முறையில் இதற்கு விடை கூற விரும்புகிறேன். பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால் உரை என்றால் உயர்ந்தது, போஸ்டர் என்றால் ஒப்புக்கு வைக்கப்படுவது என்ற எண்ணம் தவறானது. பல ஆய்வு நிறுவனங்களின் விண்ணப்பப் படிவங்களில் இந்த எண்ணம் விதியாகவே இடம்பெற்றுவிட்டதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த மாநாடுகளின் அளவைச் சொல்ல வேண்டும். 1919இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் ஆண்டுதோறும் டிசம்பரில் நடத்தும் கூட்டத்துக்கு 25,000 பேருக்கும் மேல் வருவதுண்டு. 2019இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் ஏறத்தாழ 28,000 பேர். ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் ஒவ்வோர் ஆண்டும் கோடையின் தொடக்கத்துக்கு முன் வியன்னாவில் கூட்டும் பொதுப் பேரவையும் இதற்குப் பெரிதும் இளைத்ததல்ல. நிலநடுக்கவியல், எரிமலைகள், பனிப்படலங்கள், கடல் நீரோட்டங்கள், புவியின் காந்தப்புலம், விண்வெளி வானிலை என ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள துறைகளின் அமர்வுகள் எல்லாம் ஒரே வாரத்தில், ஒரே வளாகத்தில், பல அறைகளில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எந்த மனிதராலும் இவற்றில் ஒரு சிறு பகுதிக்கு மேல் பார்க்க முடியாது. முதன்முறை செல்லும் மாணவர்கள் நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் மலைத்துப்போவது இயல்பு.

இவ்வளவு பேருக்கும் மேடை தருவது நடக்கிற காரியமன்று. ஆய்வாளர் 2,000 எழுத்துகள் அளவிலான சுருக்கம் ஒன்றை மாதக்கணக்கில் முன்னதாகவே, திருப்பித் தரப்படாத கட்டணத்துடன், அனுப்ப வேண்டும். வந்து குவியும் சுருக்கங்களை அமர்வு ஒருங்கிணைப்பாளர்கள் படித்து, தங்களுக்கு ஒதுக்கப்பட்ட சில உரை இடங்களுக்கு எவை பொருந்தும் என்று பார்க்கிறார்கள். ஒரே எரிமலையைப் பற்றி மூன்று சுருக்கங்கள் வந்திருந்தால் ஒன்றுக்கு உரையும் மற்ற இரண்டுக்குப் போஸ்டரும் கிடைக்கலாம். அடுத்தடுத்து வரும் உரைகள் ஒரு தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்பதற்காகவே ஒரு நல்ல ஆய்வு போஸ்டருக்குப் போகலாம். படங்களை நின்று நிதானித்துப் பார்த்தால்தான் விளங்கும் என்று கருதி ஆய்வாளரே போஸ்டரைக் கேட்டு வாங்குவதும் உண்டு. ஆகவே உரையா போஸ்டரா என்ற முடிவு ஆய்வின் தரத்துக்கு இடப்பட்ட மதிப்பெண் அன்று. இந்த மாநாடுகளில் அளிக்கப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை போஸ்டர்களே என்பதையும், இரண்டும் சம மதிப்புடையவை என்றே வியன்னாப் பேரவையை நடத்துவோர் கூறுகிறார்கள் என்பதையும் நம் நிதிக்குழுக்கள் கவனிப்பதில்லை.

மேடை உரையில் நடப்பது என்ன? பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் கிடைக்கும். அதற்குள் பின்னணி, தரவு, முறை, முடிவு அனைத்தையும் சொல்லி முடிக்க வேண்டும். ஓரிரு கேள்விகள் எழுவதற்குள் அமர்வுத் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்தவர் தம் கணினிக் கோப்பைத் திறந்துவிடுவார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் வேறோர் அறையில் தொடங்கவிருக்கும் உரைக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். இதில் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெயர் தெரியவரும், பெரிய அவையின் முன் பேசிய துணிவு வரும். ஆனால் ஓர் ஆய்வைத் திருத்திச் செம்மைப்படுத்தும் இடமாக அது அமைவது அரிது.

எங்கள் துறையின் வரலாற்றிலேயே இதற்குப் பெயர்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1967 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியக் கூட்டத்தில் புவி இயற்பியலாளர் ஜேசன் மார்கன், தாம் அனுப்பியிருந்த சுருக்கத்தை விட்டுவிட்டு, புவியின் மேலோடு இறுகிய சில தட்டுகளாகப் பிரிந்து கோளத்தின் மேல் நகர்கிறது என்ற புதிய கருத்தை எடுத்துரைத்தார். இன்று பள்ளிப் பாடநூலில் இருக்கும் புவித்தட்டுக் கொள்கைக்கு அடித்தளம் இட்ட உரைகளில் அது ஒன்று. அவையில் அன்று அது பெரிய சலனத்தை ஏற்படுத்தவில்லை. அதே கொள்கையைத் தனியாக எட்டவிருந்த டான் மெக்கன்சி அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தும், அச்சிலிருந்த சுருக்கத்தைப் படித்தவர் என்பதால், உரைக்கு இருக்கவில்லை. மெக்கன்சியும் ராபர்ட் பார்க்கரும் எழுதிய கட்டுரை 1967 டிசம்பரிலும், மார்கனின் கட்டுரை 1968இலும் வெளிவந்தன. நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் கருத்துக்கே மேடையில் கிடைத்த கவனம் அவ்வளவுதான் என்றால், ஓர் ஆராய்ச்சி மாணவரின் மூன்றாண்டு உழைப்புக்குப் பத்து நிமிடத்தில் என்ன கிடைத்துவிடும்?

போஸ்டர் கூடத்தில் நடப்பது வேறு. வரிசை வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆய்வாளர், கேட்க விருப்பம் உள்ளவர் மட்டுமே நின்று கேட்பார். அண்மைக்கால மாநாடு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஓர் எரிமலையின் நிலமட்டம் உயர்ந்து வருவதாகச் செயற்கைக்கோள் ரேடார் படங்களைக் கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார் ஒரு மாணவி. இரு வேறு நாட்களில் எடுத்த ரேடார் அலைகளை ஒப்பிட்டு வரையும் அந்தப் படத்தில் வண்ணங்கள் சுற்றுச் சுற்றாக வரும். அவர் பயன்படுத்திய அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. என்பதால், நிறங்களின் ஒரு முழுச் சுற்று செயற்கைக்கோளின் பார்வைத் திசையில் 2.8 செ.மீ. நகர்வைக் குறிக்கும். எரிமலைக்கும் தமக்கும் தொடர்பே இல்லாத, வளிமண்டல நீராவியை அளப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் அவ்வழியே வந்தார். படத்தின் மீது விரலை வைத்து மலைச்சரிவை ஒட்டிக் கீழிருந்து மேலாக நகர்த்தியபடி, "வண்ணச் சுற்றுகள் மலையின் உயரக் கோடுகளை அப்படியே பின்பற்றுகின்றனவே, நீராவியால் ஏற்படும் தாமதத்தைக் கழித்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

அடிவாரத்துக்கு மேலே உள்ள காற்றுத்தூண் ஆழமானது, அதில் ஈரம் மிகுதி. சிகரத்துக்கு மேலே உள்ளது குறைவு. ஈரம் நாளுக்கு நாள் மாறும்போது ரேடார் அலையின் தாமதமும் உயரத்தைப் பொறுத்து மாறும். நிலம் அசையாமலே அசைந்ததுபோல் படம் காட்டும். இத்தாலியின் எட்னா எரிமலையின் ரேடார் படங்களை வைத்து 1990களிலேயே இது குறித்துப் பெரும் விவாதம் நடந்திருக்கிறது. மாணவி ஓரளவு திருத்தம் செய்துதான் இருந்தார். ஆனால் எந்த வானிலை மாதிரியைக் கொண்டு செய்தார், அதன் கட்டங்கள் எவ்வளவு அகலமானவை, சரிவில் ஜி.பி.எஸ். நிலையம் எதுவும் உண்டா, மழைக்காலப் படங்களையும் வறண்ட காலப் படங்களையும் பிரித்துப் பார்த்தால் என்ன ஆகிறது என்று கேள்விகள் தொடர்ந்தன. இருவரும் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து மற்ற தேதிகளின் படங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் வரிசையைச் சுற்றி வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. மேடையில் இந்த உரையாடலின் முதல் கேள்வி மட்டும்தான் எழுந்திருக்கும். "ஆம், கழித்திருக்கிறேன்" என்ற பதிலோடு அது முடிந்தும் போயிருக்கும்.

போஸ்டர்கள் எல்லாமே இப்படிப் பயன் தருகின்றன என்று சொன்னால் அது பொய். எழுதிய கட்டுரையை அப்படியே பத்தி பத்தியாகப் பெரிதாக்கி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆறடி அகலத்தில் அச்சிட்டாலும் அதை யாரும் படிக்க மாட்டார்கள். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிர் மதிப்புகளுக்கு வைத்து, நிறக்குருடு உள்ளவர்களுக்கு வரைபடமே புரியாமல் செய்பவர்கள் இருக்கிறார்கள். அளவுகோலும் பார்வைத் திசைக் குறியும் இல்லாத ரேடார் படங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும். போஸ்டரை மாட்டிவிட்டு, தாம் நிற்க வேண்டிய நேரத்தில் ஊர் சுற்றப் போகிறவர்களும் உண்டு. வாசகர்களின் சந்தேகம் இவர்களைப் பற்றியது என்றால் அதில் நானும் உடன்படுகிறேன். அதற்குத் தீர்வு நின்றாரா, யாருடன் பேசினார், திரும்பி வந்து ஆய்வில் எதை மாற்றினார் என்று ஒரு பக்க அறிக்கை கேட்பதே. போஸ்டரையே தகுதியற்றதாக்குவது அன்று.

செலவைப் பற்றிப் பேசுவோர் கரியமில வாயுவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ கூட்டத்துக்கு வந்து சென்றவர்களின் பயணம் மொத்தம் 28.5 கோடி கிலோமீட்டர், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்றும், அதனால் வெளியான கரியமில வாயு சுமார் 80,000 டன், ஆளுக்கு மூன்று டன் அளவு என்றும் மிலான் க்ளோவரும் அவருடைய சகாக்களும் 2020இல் 'நேச்சர்' இதழில் கணக்கிட்டுக் காட்டினார்கள். பருவநிலை மாற்றத்தை ஆராய்பவர்களே கூடும் மாநாட்டுக்கு இது சங்கடமான எண்தான். இவ்வளவு விலை கொடுத்து நேரில் போவது எதற்காக? உரையைப் பதிவுசெய்து வீட்டிலிருந்தே பார்க்கலாம். விரும்பினால் நிறுத்தி, திரும்ப ஓட்டியும் பார்க்கலாம். வீட்டிலிருந்து பெற முடியாதது, தரையில் உட்கார்ந்து நடந்த அந்த உரையாடல். 2020இல் பெருந்தொற்றின் காரணமாக வியன்னாப் பேரவை முழுவதும் இணையத்துக்கு மாறி, கேள்வி பதில்கள் தட்டச்சு உரையாடலாக நடந்தபோது, தொலைவிலும் வறுமையிலும் இருந்த பலருக்கு முதன்முறையாகக் கதவு திறந்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் தமக்குத் தொடர்பில்லாத துறைக்காரர் ஒருவர் தற்செயலாகக் கடந்துபோவது திரையில் நடப்பதில்லை. ஆக, பயணத்துக்குப் பணம் தருவதானால் உரைக்கு மட்டும் தருவது தலைகீழான ஏற்பாடு.

இரண்டையும் கலந்த வடிவங்களும் இருக்கின்றன. வியன்னாவில் ஒவ்வொருவரும் முதலில் இரண்டு நிமிடம் மேடையில் பேசிவிட்டு, பிறகு தத்தம் தொடுதிரைக்கு முன் நின்று விளக்கும் அமர்வுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. உரையா, போஸ்டரா என்று மட்டுமே கேட்கும் படிவத்தில் இவர்கள் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நிதி வழங்கும் நிறுவனங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். டிசம்பர் கூட்டத்துக்கான சுருக்கங்களை ஜூலை இறுதி வாக்கில் அனுப்ப வேண்டும். உரையா போஸ்டரா என்று தெரியவருவது அக்டோபர் வாக்கில். அந்த முடிவைத் தெரிவிக்கும் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கோப்பை நகர்த்துவோம் என்று அலுவலகங்கள் காத்திருந்தால், விசா நேர்காணலுக்கு மாதக்கணக்கில் வரிசை நிற்கும் நாடுகளின் மாணவர்களுக்கு நிதி கிடைத்தாலும் பயணம் கிடைக்காது. சலுகைப் பதிவுக் கட்டணத்துக்கான தேதியும் அதற்குள் கடந்துவிடும். சுருக்கத்தின் தரத்தை நிறுவனத்தின் சொந்த அறிஞர் குழுவே ஆகஸ்டில் படித்து, அதன் அடிப்படையில் அப்போதே ஒப்புதல் வழங்கலாம். படிவத்தில் உரையா போஸ்டரா என்ற அந்த ஒரு கேள்வியை நீக்குவதற்கு எந்தச் செலவும் இல்லை.

இப்படிக்கு,
புவி இயற்பியல் ஆய்வாளர் ஒருவர்