தூர்வாரிய மணலை எந்த ஆழத்தில் கொட்டுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

துறைமுக வாய்களைத் தூர்வாருவது பற்றிய கட்டுரையில், எடுத்த மணலைக் கடலில் எங்கே கொட்டினாலும் அலை அதைக் கரை சேர்த்துவிடும் என்ற பொருளில் ஒரு வரி வந்திருந்தது. அது சரியல்ல. மணல் திரும்புமா, திரும்பாதா என்பதைப் பெரும்பாலும் கொட்டும் ஆழமே முடிவு செய்கிறது.

கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின்) மேல் அலை மணலைக் கிளப்புகிறது. தூக்கிக்கொண்டு போவது நீரோட்டம். அலையின் ஆட்டம் அதன் நீளத்தில், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரத்தில், பாதி ஆழம் வரைதான் எட்டும். 8 நொடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு ஆழ்நீரில் நீளம் ஏறக்குறைய 100 மீட்டர். ஆகவே 50 மீட்டருக்குக் கீழே கடலடிக்கு அந்த அலை வருவதே தெரியாது. அதே அலை 1 மீட்டர் உயரத்துடன் வந்தால், 20 மீட்டர் ஆழத்தில் அடிநீர் நொடிக்குச் சுமார் 20 செ.மீ. வேகத்தில் முன்னும் பின்னும் ஆடும். 0.2 மி.மீ. மணல் அசையத் தொடங்கும் விளிம்பு அதுதான். புயலில் 3 மீட்டர் உயரத்தில், 10 நொடி இடைவெளியில் அலை வந்தால் வேகம் 75 செ.மீ. ஆகிவிடும். உராய்வு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், மாதக்கணக்கில் அமைதிக் கடல் செய்யாததை ஒரு புயல் இரண்டு நாளில் செய்துவிடும்.

கிளம்பியதெல்லாம் ஒன்றுபோல் படியாது. 0.2 மி.மீ. மணல் நொடிக்கு 2 செ.மீ. அளவில் இறங்கி, ஒரு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். 0.01 மி.மீ. வண்டலோ 10 மீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். அதற்குள் மெல்லிய நீரோட்டம்கூட அதைப் பல கிலோமீட்டர் கடத்திவிடும். சேறு கலந்த மணலைக் கொட்டிவிட்டு, 'இத்தனை கனமீட்டர் போட்டோம்' என்று கணக்கு எழுதுவதில் பொருளில்லை.

கரையோரத்தில் நிலைமை வேறு. ஆழம் குறையக் குறைய அலையின் முகடு கூராகி, கரைநோக்கிய தள்ளல் குறுகிய நேரத்துக்கு வலுவாகவும், திரும்பும் இழுப்பு நீண்டு மெதுவாகவும் ஆகிறது. மணல் மெல்லக் கரையேறுவது இதனால்தான். 20 மீட்டரில் இந்த வேறுபாடு மிகச் சிறியது. அங்கே கொட்டிய மணலைப் புயல் கிளப்பினாலும், நீரோட்டம் அதைக் கரைக்கு இணையாகவோ இன்னும் ஆழத்துக்கோதான் கொண்டுபோகும்.

புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகும் மணல், வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும் மணலைவிட அதிகம். 1980-களின் பிற்பகுதியில், நகருக்குத் தெற்கே உள்ள அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தபின் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை கரைந்து கற்குவியல்தான் மிஞ்சியது. அந்த இடத்தில் வாயைத் தூர்வாரி எடுப்பது வடகரைக்குச் சேர வேண்டிய மணல். அதை ஆழத்தில் தள்ளினால் வடகரை அதை இரண்டாவது முறையாக இழக்கிறது.

அடிக்கதவு திறந்து கொட்டும் தூர்வாரிக் கப்பல், சரக்கு நிரம்பிய நிலையில் ஆழம் குறைந்த நீருக்குள் வர முடியாது. அதனால்தான் ஆழத்தில் கொட்டும் வழக்கம் வந்தது. ஒப்பந்ததாரருக்கும் அதுவே மலிவு. மாற்றுவழி, குழாய் வழியாக மணலையும் நீரையும் சேர்த்து வடகரைக்கு இறைப்பது. செலவு கூடும், ஆனாலும் மணல் கரையில் இருக்கும். கொட்டும் இடத்தின் ஆழம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வேலை மார்ச்சுக்குள் முடிந்தால், அடுத்து வரும் தெற்கத்தி அலைகளே மணலை வடக்கே பரப்பிவிடும். கரை மணலைவிட நுண்ணிய மணலை ஏற்கக் கூடாது. நுண்ணியது கரையில் நில்லாது. வேலைக்கு முன்பும், முடிந்ததும், ஒரு வாடைக் காலம் கழிந்த பிறகும் ஒரே கோடுகளில் ஆழம் அளந்து அந்த வரைபடங்களை வெளியிட வேண்டும். தூர்வாரும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இந்த நிபந்தனைகளை எழுதாவிட்டால், பிறகு யாரையும் கேட்க வழியில்லை.

இப்படிக்கு,
கடற்கரைப் பொறியியல் வாசகர்,
புதுச்சேரி