அட்டையோடு கட்டுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய தலைமை நூலகர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இதழ்களைத் தொகுதியாக பைண்ட் செய்வது பற்றி ஒரு கோரிக்கை. நூலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் நாலு பேரிடம் விளக்கம் கேட்பார்கள், அதோடு விஷயம் முடிந்துவிடும். போன மாதம் வாசலில் காவலாளியோடு வாக்குவாதம் செய்த கிழவன் நான்தான் என்றால் உங்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். அன்றைக்குக் குரலை உயர்த்தியதற்கு வருந்துகிறேன். அந்தத் தம்பி தன் வேலையைத்தான் செய்தார். நூலகத்தில் அன்று தன் வேலையைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் எண்ணம்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த ஓவியர்கள் அறுபது, எழுபதுகளில் தமிழ்ச் சிற்றிதழ்களுக்கு வரைந்து கொடுத்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் ஏழு மாதமாக உங்கள் பருவ இதழ்கள் பிரிவில் வந்து உட்காருகிறேன். அதற்கு முன் கலைப் பிரிவு ரேக்கில் தேடிப் பார்த்தேன். பிக்காசோவுக்கும் வான்காவுக்கும் தடிதடியாக ஏழெட்டுப் புத்தகம் இருக்கிறது. பக்கத்திலேயே கிரிக்கெட்டும் சதுரங்கமும். நூலகங்கள் புத்தகத்தை எண் போட்டுப் பிரிக்கும் டியூவி பகுப்பில் எல்லாமே 700க்குள் வருவதால் அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கருக்கு அந்த ரேக்கில் ஒரு புத்தகம் இல்லை. சரி, இதழ்களில் தேடுவோம் என்று மாடிக்கு வந்தேன்.

இதழ்களில் தேடுவதற்குக் காரணம் உண்டு. அந்த ஓவியர்களின் படங்கள் பலதும் விற்றுப்போய் யார் யார் வீட்டுச் சுவரிலோ தொங்குகின்றன. கண்காட்சிக்கு அச்சடித்தது எட்டுப் பக்கக் கேட்டலாக், இரண்டு பின் குத்தியது. பணிக்கரும் நண்பர்களும் 1961இல் தொடங்கிய 'ஆர்ட்ரெண்ட்ஸ்' இதழே ஒல்லியான ஒன்றுதான். மிச்சம் இருப்பது சிற்றிதழ்கள். 1970இல் வந்த கசடதபற போன்றவற்றின் காலத்தில்தான் புதுக்கவிதைக்காரர்களும் ஓவியர்களும் ஒரே கூரையின் கீழ் டீ குடிக்க ஆரம்பித்தார்கள். ஓவியர் ஆதிமூலம் போன்றவர்களின் கோடு தமிழ் வாசகன் கண்ணில் பட்டது கேலரிகளில் அல்ல, இந்த மாதிரிப் பத்திரிகைகளில்.

அதற்கு ஒரு அச்சகக் காரணமும் இருந்தது என்று நினைக்கிறேன். அப்போது படம் அச்சாக வேண்டுமானால் பிளாக், அதாவது அச்சுத் தகடு, எடுக்கவேண்டும். சாம்பல் நிறச் சாயைகள் வர ஹாஃப்டோன் பிளாக்கும் நல்ல தாளும் வேண்டும், சிற்றிதழ்க்காரரிடம் இரண்டுக்கும் காசு இருக்காது. கறுப்பு மையில் வரைந்த கோட்டோவியம் என்றால் துத்தநாகத் தகட்டில் லைன் பிளாக் போதும், மட்டமான தாளிலும் பளிச்சென்று விழும். ஒரு தலைமுறை தமிழ் ஓவியத்தில் கோடு அப்படிக் கொடிகட்டிப் பறந்ததில் ஆசிரியரின் வறுமைக்கும் பங்கு உண்டா என்பதுதான் என் கேள்வி. அட்டையை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

அந்த அட்டைகளைத்தான் காணோம்.

சீட்டு எழுதிக் கொடுத்து அரைமணி நேரத்தில் தொகுதி வந்தது. பச்சைக் காலிகோ துணி முதுகு, அதில் தங்க எழுத்தில் ஆண்டு. பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. திறந்தால் முதல் பக்கமே 3. அந்தப் பத்திரிகையில் முன்னட்டைதான் பக்கம் 1, அதன் உட்புறம் பக்கம் 2. அட்டையைக் கிழித்துவிட்டுக் கட்டியதால் இரண்டும் போயிற்று. 30 வரை புரட்டினால் மறுபடி 3 வருகிறது. அடுத்த இதழ் ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். எந்த மாதம் என்று தெரியாது, ஏனென்றால் மாதம் அட்டையில் இருந்தது. இதழ் எண்ணும் அட்டையில்தான். ஆசிரியர் பெயர், அச்சகத்தின் பெயர், 'அட்டைப்படம்' என்று பொடி எழுத்தில் ஓவியர் பெயரைப் போடும் அந்த ஒரே ஒரு வரி, எல்லாம் உள்ளட்டையில்.

பன்னிரண்டு இதழ் இருக்கவேண்டிய தொகுதியில் பதினொரு தடவைதான் 3ஆம் பக்கம் வந்தது. எந்த மாதம் குறைகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. வாசகர் கடிதத்தில் ஒருவர் 'சென்ற இதழில் வந்த கதை' என்று எழுதியிருப்பார். அந்தக் கதை எங்கே என்று பின்னால் புரட்டுவேன். இன்னொரு இடத்தில் மழை வெள்ளத்தால் இதழ் தாமதம் என்று ஒரு வரி. அதை வைத்து ஐப்பசி, கார்த்திகையாக இருக்கும் என்று ஊகம். கல்வெட்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதைவிட சுலபமாக வேலை பார்ப்பார்கள் போல. அங்கே மன்னனின் ஆட்சியாண்டையாவது பொறித்து வைத்திருப்பார்கள்.

உள்பக்கத்துப் படமாவது தப்பித்ததா? கட்டிங் மெஷினில் மூன்று ஓரமும் வெட்டியிருக்கிறார்கள். ஒரு கோட்டோவியம், உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், முதுகு மட்டும். இடுப்பிலிருந்து தோள்வரை கோடு எங்கேயும் நிற்காமல் ஏறுகிறது. கீழே வலது மூலையில் கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு சுழியும் ஒரு குச்சியும் மிச்சம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தமிழில் பாதி எழுத்துக்கு அந்தச் சுழி பொருந்தும்.

இதை எல்லாம் பழைய காலத்துத் தவறு என்று விட்டிருப்பேன். போன மாதம் கழிப்பறையைத் தேடிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனபோதுதான் பைண்டிங் அறை திறந்திருந்ததைப் பார்த்தேன். கட்டுக்கட்டாகப் பழைய இதழ்கள். ஒரு பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் இதழைப் பிடித்து, வலது கையால் அட்டையை ஒரே இழுப்பில் உரித்துக்கொண்டிருந்தார். வாழைப்பழம் உரிக்கிற லாவகம். பக்கத்தில் மைதா பசைச் சட்டி, அதற்கு அந்தப் பக்கம் அட்டைகள் ஒரு குவியல். நான் ஏழு மாதமாகத் தேடியது தரையில் கிடக்கிறது.

ஏன் ஐயா கிழிக்கிறீர்கள் என்று கேட்டேன். அட்டை தடிமன், ஊசி ஏறாது, கனம் கூடினால் தைப்பதும் கஷ்டம், எப்போதுமே இப்படித்தான் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு என்ன சொன்னார்களோ அதைச் செய்கிறார், கூலியும் தொகுதிக்கு இவ்வளவு என்றுதான். பிரிவில் வந்து கேட்டதற்கு, உங்கள் ஊழியர் ஒருவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: "அட்டை எதுக்கு சார், உள்ளே இருக்கிற விஷயம்தானே முக்கியம்?" ஓவிய வரலாறு எழுதுகிறவனிடம் இதைச் சொன்னால் அவன் என்ன பதில் சொல்வான்?

குவியலிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக்கொண்டேன். மறைக்க விரும்பவில்லை, எடுத்தேன். காவி நிறத்தில் ஒரே வண்ணம், நடுவில் எருமைத் தலையும் ஒரு பானையும் சேர்ந்த மாதிரி ஒரு உருவம். யார் வரைந்தது என்று உள்ளே திருப்பிப் பார்ப்பதற்குள் வாசலில் நிறுத்திவிட்டார்கள். "லைப்ரரி சொத்து, வெளியே போகக் கூடாது." சரியான விதி. தம்பி அதை வாங்கி, மேலே போன் செய்து கேட்டார். பதில் வந்ததும் பக்கத்தில் இருந்த பழைய பேப்பர் சாக்கில் அதைப் போட்டார். ஐயா, எனக்குப் புரியாதது இதுதான். பின்கட்டில் குப்பையாக இருந்த பொருள், என் கையில் இருந்த இருபது அடி தூரத்துக்கு மட்டும் அரசாங்கச் சொத்தாக ஆகி, மறுபடி குப்பை ஆகிவிட்டது. அந்த இருபது அடியில் நான் குரலை உயர்த்தியதை மன்னியுங்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். இனி பைண்ட் செய்யும்போது அட்டையோடு கட்டுங்கள். முன்னட்டை, பின்னட்டை, உள்ளட்டை எல்லாவற்றோடும். ஊசி ஏறாவிட்டால் அட்டைக்கு ஒரு துணிப் பட்டி ஒட்டி, அந்தப் பட்டியில் தைக்கலாம். ஓரம் வெட்டாமலும் விடலாம். இரண்டும் பைண்டர்களுக்குத் தெரிந்த வேலைதான், கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து இந்தியாவுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. என் வீட்டுவரி ரசீதில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது, நானும் முணுமுணுக்காமல் கட்டுகிறேன். கீழ்த்தளத்தில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு ஏசி போட்டிருக்கிறீர்கள். நல்ல காரியம், அந்தப் பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் மாடியில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேராகி ஏழு மாதம். கைபேசியில் படம் எடுக்க அனுமதி இல்லை, ஜெராக்ஸ்தான் எடுக்கவேண்டும் என்று போர்டு மட்டும் ரிப்பேர் ஆகாமல் இருக்கிறது. நானும் ஓவிய வாத்தியார்தானே, பார்த்து வரைந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 12 வந்தால் சீர்காழி தந்த நூலக அறிஞர் ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறீர்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நூலகங்களுக்கு அவர் வகுத்த விதிகளில் நான்காவது. பதினொரு இதழுக்குத் தேதி கண்டுபிடிக்க மூன்று நாள் என்ற கணக்கை அவர் முன்னால் எப்படிச் சொல்வது? சைன்போர்டு வரைந்து பிழைத்த கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் கூடத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பு 1994இல் சென்னைக்கு வந்து ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது, வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். பட்ஜெட்டும் பதவியும் இல்லாத ஒரு ஓவியருக்கு எது குப்பை, எது குப்பை இல்லை என்று தெரிந்திருந்தது.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பைண்டிங் அறைக்கு ஒரு வரி உத்தரவு எழுதுங்கள்: அட்டையோடு கட்டவும், ஓரம் வெட்டவேண்டாம். இன்னும் கட்டாத இதழ்கள் இரண்டு பீரோ நிறைய இருப்பதைப் பார்த்தேன், அவையாவது தப்பிக்கும். ஏற்கெனவே உரித்த அட்டைகள் பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் இருந்தால், அவற்றை மாதவாரியாகப் பிரித்து அடுக்கித் தர நான் தயார். சம்பளம் வேண்டாம், செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வருகிறேன். போகும்போது பையைச் சோதித்தே அனுப்புங்கள்.

காவி நிற அட்டை, எருமைத் தலை. வாசலுக்கு இடப்பக்கம் இருக்கும் சாக்கில், மேலாகவே கிடக்கும் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அதன் உள்பக்கத்தை யாரையாவது ஒரு தடவை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
பருவ இதழ்கள் பிரிவு, ஜன்னலோர மேஜைக்காரன்