அடுத்த தடவை எனக்கு வீல்சேர் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத்தில் கொடுக்கிறேன். ஏப்ரலில் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போடப்போவதாகச் சொன்னாயே, அதில் எனக்கு வீல்சேர் கேட்காதே. அப்பாவுக்குக் கேள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. எனக்கு என்ன வந்தது?

போன தடவை நான் சிகாகோவுக்குத் தனியாக வந்தேன். பாஷை புரியாமல், விமானம் மாறுகிற தோஹாவில் திண்டாடுவேனோ என்று பயந்துதான் வீல்சேர் போட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, இங்கே பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். சென்னையிலேயே அந்த நாற்காலி வரிசையைப் பார்க்க வேண்டுமே! தினமும் கோயிலைச் சுற்றி வருகிற ஆட்கள் எல்லாம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

தோஹாவில் தள்ளிக்கொண்டு போன நேப்பாளத்துப் பையன் தங்கமானவன். ஆனால் அவனுக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். தலையில் விளக்கு முளைத்த அந்தப் பெரிய மஞ்சள் கரடியைக் காட்டினான், காட்டியபடியே கடந்தும் போய்விட்டான். வெண்கலத்தில் வார்த்ததாம், 7 மீட்டர் உயரமாம். ஒரு போட்டோ எடுக்க நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

கொண்டுபோய் விட்ட இடத்தில் பக்கத்தில் ஒரு பாட்டி. இரண்டு காலும் வீங்கி, செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. நான் பாத்ரூமுக்கு எழுந்து விறுவிறுவென்று நடந்துபோய்த் திரும்பி வந்தேன். அந்தம்மா என் காலைப் பார்த்தார், அப்புறம் நாற்காலியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குமேல் எனக்கு அதில் உட்காரவே பிடிக்கவில்லை.

இன்னொன்று, சென்னையிலிருந்து தோஹாவுக்கு நாலரை மணி நேரம், அங்கிருந்து சிகாகோவுக்கு ஏறக்குறைய 15 மணி நேரம். இவ்வளவு நேரம் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் கட்டும் என்று நீதானே சொன்னாய்? கால் நீட்டி நடக்கக் கிடைப்பதே நடுவில் வருகிற அந்த ஏர்போர்ட்தான். அங்கேயும் என்னை உட்கார வைத்தால் எப்படி?

சிகாகோவில் இமிக்ரேஷன் சட்டென்று முடிந்தது உண்மைதான். அந்த ஒரு லாபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபீசர் கேட்டது எங்கே தங்குவாய், எத்தனை மாதம் என்றுதான். அதற்கு நானே பதில் சொன்னேன். கிளாம்பாக்கத்தில் கும்பகோணம் பஸ் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறவளுக்கு, போர்டில் விமான நம்பரைப் பார்த்து ஏ, பி, சி என்று கேட்டைத் தேடுவது பெரிய வேலையா?

அதனால் டிக்கெட் போடும்போது நடுவில் நாலு மணி நேரமாவது இருக்கட்டும். இரண்டு மணி நேரம் என்றால் செக்யூரிட்டி வரிசையிலேயே போய்விடும். அபுதாபி வழியாகக் கிடைத்தாலும் சரி. அமெரிக்க இமிக்ரேஷனை அங்கேயே முடித்து அனுப்பிவிடுகிறார்கள், 2014லிருந்தே அப்படித்தானாம். அப்பாவுக்கு நடைபாதை ஓர சீட் போடு, எழுந்து நடக்க வசதி. ஏசியன் வெஜிடேரியன் சாப்பாட்டை மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடு. கடைசி நேரத்தில் கேட்டால் தரமாட்டார்கள்.

அவர் நாற்காலியில் வரட்டும், நான் கூடவே நடக்கிறேன். என் பையும் அவர் மடியிலேயே வரட்டும்.

மருமகளிடம் சொல், பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவர முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கிற பூச்சி அதில் வரும் என்று அமெரிக்காவில் தடை. டெவான் தெருக் கடையிலேயே வாங்கிக்கொள்ளட்டும். பருப்புப் பொடி நிறைய அரைத்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா