பொங்கல் தாளில் பச்சைக் கரும்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் விடுமுறையை ஒட்டி ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டக் கொடுக்கப்படும் தாள்களைத் தேர்ந்தெடுப்பதில் பள்ளிகள் இன்னும் சற்று அக்கறை காட்ட வேண்டும். பெரும்பாலும் இணையத்திலிருந்து எடுத்து நகலெடுத்த படங்களே வருகின்றன. கோடுகள் மங்கி, பானை எது, அடுப்பு எது என்றே தெரிவதில்லை. மாதிரிப் படத்தில் கரும்பு பச்சையாக இருப்பதால், மேலூர்ச் செங்கரும்பைக் கடித்துத் தின்று வளரும் பிள்ளையும் பச்சையையே தீட்டுகிறது. கருஞ்சிவப்பைத் தீட்டிய பிள்ளைக்குத் திருத்தம் சொல்லும் ஆசிரியரும் இருக்கிறார் என்பதுதான் வேடிக்கை.

ஒரு கரும்புத் துண்டையும் இலையோடு கூடிய மஞ்சள் கொத்தையும் மேசைமேல் வைத்து, கண்ணில் படும் நிறத்தைத் தீட்டச் சொன்னால் போதுமே. புள்ளிக் கோலத்தைக் கொடுத்தால், புள்ளிகளை எண்ணி, இணைத்து, பிறகு வண்ணமிடுவதில் கணக்கும் சேர்ந்து வரும். அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கத் தமிழக அரசு 2022 முதல் இவ்வகுப்புகளில் நடத்தும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் செயல்வழிக் கற்றலுக்கும் இது பொருந்தும். அரசுப் பள்ளிகளில் கிரேயான்கள் விலையின்றியே வழங்கப்படுவதால், தெளிவாக அச்சிட்ட, சற்றுத் தடித்த தாளுக்கு மட்டும் கல்வித்துறை ஏற்பாடு செய்தால் நன்று.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவியின் தந்தை,
மதுரை.