டூர் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: அந்த விசிலை ஊர்லயே வச்சிட்டுப் போங்க

தலைவர் அண்ணனுக்கும் செயலாளர் சாருக்கும் கமிட்டில இருக்கற மத்தவங்களுக்கும் வணக்கம்.

அந்தமான் டூர் நல்லபடியா போயிட்டு வந்தாச்சு. சாப்பாடு, ரூம், நம்ம கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு வேன், எதுலயும் குறை இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா அங்க செல்லுலார் ஜெயிலைச் சுத்திப் பாக்கப் போனப்ப என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். குரூப்ல நான் போட்ட மெசேஜுக்கு ஒரு கும்பிடு எமோஜி போட்டு முடிச்சிட்டீங்க, அதான் இங்க எழுதறேன். கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அடுத்த மாசம் போற ரெண்டாவது பேட்ச்சுக்காவது செல்லுலார் ஜெயிலுக்கு அரை நாள் ஒதுக்குங்க.

எங்களுக்கு நீங்க கொடுத்தது நாப்பது நிமிஷம். அதுல பேனரைப் பிடிச்சுக்கிட்டு குரூப் போட்டோ எடுக்கவே கால் மணி நேரம் போச்சு, பேனர் தலைகீழா இருக்குன்னு இன்னொரு தடவ வேற.

எங்கம்மாவுக்கு எழுபத்தாறு வயசு, முட்டி வலி. அவங்க இந்த டூருக்குப் பணம் கட்டினது கடலைப் பாக்க இல்ல, கடல் நம்ம சில்வர் பீச்சுலயே இருக்கு. எங்க தாத்தா 1942-ல ஆறு மாசம் உள்ள இருந்தவரு, ஆனா ஜெயிலப் பத்தி வீட்ல வாயே திறக்க மாட்டாராம். ஒண்ணே ஒண்ணுதான், ராத்திரி அவர் படுக்கற ரூமுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாராம், மழையோ குளிரோ கதவு திறந்தேதான் இருக்கணும். அவர் இருந்தது அந்தமான் இல்ல, அது அம்மாவுக்கும் தெரியும், ஆனாலும் ஒரு செல்லுன்னா எப்படி இருக்கும்னு சாகறதுக்குள்ள பாத்துடணும்னு வந்தாங்க.

படியேறி மூச்சு வாங்கிட்டு ஒரு செல்லுக்குள்ள போனாங்க. 13.5 அடிக்கு 7.5 அடி, மேல எட்டாத உயரத்துல ஒரு சின்ன ஜன்னல், அவ்ளோதான். அங்க தாழ்ப்பாள் கதவோட முடிஞ்சுடாது, நீளமா வெளிய வந்து பக்கத்துச் சுவர்ல ஒரு மாடம் மாதிரி இருக்கற குழிக்குள்ள போயி மாட்டும், உள்ள இருக்கறவன் கம்பி வழியா எவ்ளோ கைய நீட்டினாலும் தொட முடியாது. அம்மா வளையலை முழங்கை வரைக்கும் ஏத்தி விட்டுட்டு கைய வெளிய விட்டுத் துழாவிப் பாத்தாங்க. "எட்டலடா"ன்னாங்க. கதவைச் சாத்திட்டு அஞ்சு நிமிஷம் நீ தள்ளி நில்லுன்னு சொன்னாங்க, நான் சரின்னு நகர்ந்தேன், கீழேர்ந்து உங்க விசில். அப்புறம் இன்னொரு விசில். அப்புறம் "கடலூர் பார்ட்டி எல்லாம் பஸ்ஸுக்கு வாங்க"ன்னு சத்தம். ஜெயில்ல நின்னுக்கிட்டு விசில் ஊதினா எப்படி இருக்கும்னு கொஞ்சமாவது யோசிச்சீங்களா அண்ணே?

அந்த நேரத்துலதான் கீழ ஒரு கைடு, நம்ம தமிழாளுதான், மகாவீர் சிங் கதையை ஆரம்பிச்சாரு. பகத் சிங் கூட இருந்தவரு, 1933 உண்ணாவிரதத்துல குழாய் வச்சு வலுக்கட்டாயமா பால் ஊத்தி, அது நுரையீரலுக்குப் போயி செத்துப்போனவரு, உடம்பைக் கல்லு கட்டிக் கடல்ல போட்டுட்டாங்க. பாதி கதையில எழுந்து ஓடி வந்தோம். எதுக்கு? ஷாப்பிங்குக்கு. முத்து மாலைக்கும் சங்குக்கும் ரெண்டரை மணி நேரம் கொடுத்தீங்க. ராத்திரி திரும்பக் கூட்டிட்டு வந்து ஒளி-ஒலிக் காட்சி காட்டினீங்களே, அதுவும் ஹிந்தி ஷோ, அரச மரம் பேசுது பேசுதுன்னாங்க, என்ன பேசுச்சுன்னு நம்ம பஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது, பாதிப் பேர் தூங்கிட்டாங்க.

அந்த ஜெயில்ல கைதிங்க இழுத்த செக்கு கிட்ட நின்னு போஸ் கொடுத்த நம்ம ஆளு ஒருத்தர் "இதான வ.உ.சி. இழுத்தது"ன்னு கேட்டாரு, கமிட்டில ஒருத்தர் ஆமான்னு தலையாட்டினாரு. வ.உ.சி. இழுத்தது கோயம்புத்தூர்ல சார், அந்தச் செக்கு கிண்டி காந்தி மண்டபத்துல இருக்கு, ஏர்போர்ட்லேர்ந்து கூப்பிடு தூரம். தூக்குமேடையில ரீல்ஸ் எடுத்த பசங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, பெரியவங்க நாமளே இப்படின்னா அதுங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது. 1918-ல புதுச்சேரிலேர்ந்து வெளிய வந்த பாரதியைப் பிடிச்சு மூணு வாரத்துக்கு மேல அடைச்சு வச்சது நம்ம கடலூர் ஜெயில்லதான். சுதந்திரப் போராட்டத்துல இறங்கின நம்ம முதுநகர் அஞ்சலையம்மாள் வயித்துல பிள்ளையோட வேலூர் ஜெயில்ல இருந்து, பரோல்ல வந்து பெத்த பையனுக்கு ஜெயில்வீரன்னு பேரு வச்சாங்க. இதையெல்லாம் நாலு மணி நேரம் வேன்ல போறப்ப மைக்ல சொல்லியிருக்கலாம், நீங்க அந்தாக்ஷரி நடத்தினீங்க.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கும் நாப்பது பேரை மேய்க்கற கஷ்டம் இருக்கும், ஒருத்தர் காணாம போனா பதில் சொல்லணும், புரியுது. பத்து வருஷம் கட்டி 1906-ல முடிச்ச ஜெயில் அண்ணே, 7 விங்ல இன்னைக்கு மிச்சம் இருக்கறது 3, ஒரு விங்கோட முகம் இன்னொண்ணோட முதுகைப் பாக்கற மாதிரி, ஒரு கைதி முகத்தை இன்னொருத்தன் பாக்கக் கூடாதுன்னே கட்டியிருக்கான். அதையாவது பொறுமையா சுத்தி வந்து பாக்க விடுங்க. காலையில திறந்ததும் கூட்டிட்டுப் போங்க, தமிழ் கைடு ஒருத்தரைப் பேசிக்கோங்க, தலைக்கு என்ன ஆகுதோ கூட வாங்கிக்கோங்க, யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. அரை நாள், அவ்ளோதான். ஷாப்பிங்கை வேணும்னா ராத்திரி வச்சுக்கலாம், கடை எங்கயும் ஓடிப்போகாது.

இன்னொரு விஷயம். ரெண்டாவது பேட்ச்லயும் அம்மா வர்றாங்களாம், பணம் எடுத்து வச்சிட்டாங்க. லிஸ்ட்ல பேரைச் சேர்த்துக்கோங்க, ஃப்ளைட்ல நடைபாதை ஓரமா சீட் போடுங்க, முட்டி மடக்க முடியாது.